சூடானால் கிளம்பாத கார்

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும் என்று வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "சர்வீஸுக்கு விட்டிருக்கலாமேம்மா" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் சோக் இழுத்தவர்கள். வெயில் காலத்தில் ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, புளியமரத்தடியில் குடும்பம் குடும்பமாக நின்றவர்களை நீங்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். அப்படி நின்றவர்களில் நாங்களும் உண்டு. பார்த்துச் சிரித்தவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம், பரவாயில்லை.

இப்போது என் முழங்காலும் அந்தக் காரைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஓடும்போது ஓடுகிறது, உட்கார்ந்துவிட்டால் மறுபடி கிளம்ப மாட்டேன் என்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கோடை அடிக்கடி வந்து கதவைத் தட்டுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு பிளாண்டில் வேலை; கடல்நீரை இழுத்துச் சூட்டைத் தணிக்கிற பெரிய பம்புகளைப் பார்த்துக்கொள்கிற பிரிவு. மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் விட்டுச் சென்ற காரை அப்பா வாங்கினார். மங்கிப்போன நீல நிறம், உருண்டை முகம், உட்கார்ந்தால் தொடையோடு ஒட்டிக்கொள்கிற ரெக்சின் சீட்டு. உள்ளே எப்போதும் பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அதற்கு முன் கார் வாங்கியவர் யாரும் இல்லை. அப்பாவைப் பெற்றவர்களும் சரி, அம்மாவைப் பெற்றவர்களும் சரி, அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். கார் வந்த அன்று அப்பா அதைக் கழுவின கழுவில் இருந்த பெயின்ட்டிலும் கொஞ்சம் போயிற்று.

அம்மாவின் ஊர் திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டுச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற இடத்தில் இருந்தது. அங்கே பெரியம்மா இருந்தாள், அம்மாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள்; தாயில்லாத அம்மாவையும் தம்பியையும் வளர்த்தவள் அவள்தான். அந்தத் தம்பி, என் மாமா, செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்; ஆனி மாதத்தில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கோடையில் நாங்கள் வாராவாரம் அங்கே போனது அதனால்தான்.

முதல் தடவை காரில் போனதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

பெரியம்மா வீடு இருந்த காலனிக்குப் போக, ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று, ஊர்த் தெருவில் டீக்கடைக்குப் பக்கத்திலிருந்த பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்க அப்பா வண்டியை நிறுத்தினார். பழம் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகியது, பிடிக்கவில்லை. இன்னொரு தரம் திருப்பினார். இன்னும் நீளமாக முனகியது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் தள்ளினாள். நானும் தள்ளினேன். பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. அவர்களில் ஒருவர், கையில் டீ கிளாஸோடு, சத்தமே போடாமல் சாதாரணமாகக் கேட்டார்:

"இன்னாபா, காரு வாங்கிகினியே, தள்றதுக்கு ஆளு வாங்கலியா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய காது மட்டும் பின்னாலிருந்து பார்க்கச் சிவந்து தெரிந்தது.

வெயிலில் ரொம்ப நேரம் நின்ற பிறகு வண்டி தானாகப் பிடித்துக்கொண்டது. பெரியம்மா வீட்டில் ஏன் லேட் என்று கேட்டதற்கு அப்பா, "பெட்ரோல் தீந்துபோச்சி" என்றார். திரும்பி வரும் வழியில் சவுக்குத் தோப்புப் பக்கம் மெதுவாக ஓட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"வண்டி நிக்கிதுன்னு உங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அங்க தெரிஞ்சா ஊரு பூரா தெரியும். வாயத் தொறக்கமாட்டன்னு பாப்பா தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

அம்மா பின்சீட்டுப் பக்கம் திரும்பி என் தலையில் கையை வைத்தாள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு என் தலை ஏன் என்று எனக்குக் கோபமாக வந்தது. இப்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

மறுநாள் புதுப்பட்டினம் மெக்கானிக் பார்த்தார். "என்ஜின் சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடுது சார். பம்பு மேல ஈரத்துணி போட்டு கொஞ்ச நேரம் உட்டா புடிச்சிக்கும்" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பம்பு ஆளுக்கு எந்த நோயும் பம்பில்தானே இருக்க வேண்டும். அன்றிலிருந்து காரின் பின்பக்கம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் தண்ணீரும், அம்மாவின் பழைய பச்சைப் புடவையிலிருந்து கிழித்த துண்டும் நிரந்தரமாக இடம்பிடித்தன. துணியைப் போட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பும். இஸ்திரி போடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை வரும். அந்தக் கேனும் இல்லை, அந்தப் பச்சையும் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை.

துணி வேலை செய்தது. அதுதான் வினை. எதிர்வீட்டு சார், ஆராய்ச்சிப் பக்கம் வேலை பார்த்தவர், வேறொன்று சொன்னார்: கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து அதிகமாகிவிடுகிறது, ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு கொஞ்சம் பொறுத்துத் திருப்புங்கள் என்றார். அதுவும் வேலை செய்தது. அம்மா எலுமிச்சம்பழம் நசுக்கினாள், அதுவும் பலித்தது. எல்லா வைத்தியத்திலும் கொஞ்ச நேரம் காத்திருப்பது சேர்ந்தே இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. முதல் நாள் அது தானாகவே கிளம்பியதும் மறந்துபோயிற்று. அதை நினைத்து ஒரு தடவையாவது துணி போடாமல், பழம் நசுக்காமல், சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கலாம். பிளாண்டில் அப்பா அப்படிச் சோதித்துப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார். சொந்தக் காருக்கு வந்தபோது அவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

துணி போட்டால்தான் கிளம்பும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். பெரியம்மா வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து துணி போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அங்கே என்ஜினை அணைக்கவே கூடாது என்று ஒரு சட்டம் வந்தது.

அணைக்காத காரில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? உடம்பு நிற்கவே நிற்காது. நின்றிருக்கும்போதும் சீட்டு நடுங்கும், கண்ணாடி நடுங்கும், அம்மாவின் வளையல் நடுங்கும். இறங்கி வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பெட்ரோல் பங்கில் என்ஜினை அணைத்தே ஆக வேண்டும் என்பதால், வீட்டை விட்டுக் கிளம்பி சூடேறுவதற்கு முன்பே பக்கத்துப் பங்கில் நிரப்பிக்கொள்வோம். எனக்கு ஒன்றுக்கு வந்தால் அதையும் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்க செங்கல்பட்டுக்குப் போன நாளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் நானும் கடைக்குள் இருந்தோம். அப்பா கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஸ்டேஷன் பக்கம் போய், மணிக்கூண்டைத் தாண்டி, மறுபடி கடை வாசல். அம்மா ஒரு புடவையைப் பிரிப்பாள், வாசலைப் பார்ப்பாள், நீலக் கார் கடந்து போகும், மடித்து வைத்துவிடுவாள். பெரியம்மா புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்காரருக்கு இன்னா அவ்ளோ பேஜாரு? ஓரமா நிறுத்திட்டு வந்து ஒரு கலரு சொல்லக் கூடாதா?"

"எடம் கெடைக்கல போல" என்றாள் அம்மா.

எதிரே லாரி நிறுத்துகிற அளவுக்கு இடம் கிடந்தது. பெரியம்மா அதையும் பார்த்தாள். கடைசியில் அம்மா ரோட்டுக்கு வந்து, பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைக் காட்டி எங்கள் காரை நிறுத்தினாள். பாதி ஏறும்போதே வண்டி நகர்ந்தது. பெரியம்மாவின் ஒரு செருப்பு செங்கல்பட்டுக் கடைத்தெருவிலேயே தங்கிவிட்டது. அவள் இன்னொன்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தாள்.

மாமல்லபுரத்தில் மட்டும் அப்பா என்ஜினை அணைப்பார். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. கடலுக்கு முகத்தைக் காட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்து துணியைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நிற்பார். நானும் அம்மாவும் அலையில் கால் நனைக்கப் போவோம். உப்புக் காற்றில் அம்மாவின் புடவை படபடக்கும். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்பா ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி என்ஜினைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வா, வா, ஆறிப்போச்சி" என்று கூப்பிடுவார். கால் மணல் உதறுவதற்குள் ஏறியாக வேண்டும். அந்தக் கோடையில் நான் சாப்பிட்ட ஒரு ஐஸையும் முழுசாக வாயில் வைத்ததாக ஞாபகமில்லை.

பிறகு பத்திரிகை வைக்கிற நாள் வந்தது.

எங்கள் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும். இரண்டு பேரையும் பாயில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி, புடவையோடு தட்டில் வைத்துத் தர வேண்டும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும், நாத்தனார் முடிச்சு. பெரியம்மா புருஷனை இழந்தவள் என்று ஊர்வழக்கம் அவளுக்கு அதைத் தராது. வளர்த்தவள் அவள்தான், ஆனால் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆகவே அம்மாதான் போட வேண்டும். அந்தக் கோடை முழுக்க அம்மா அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள். பழைய நூலில் மஞ்சள் தடவி என் கழுத்தில் கட்டிக் கட்டிப் பழகினாள்.

அன்று நாங்கள் போனபோது பெரியம்மா உள்ளே பாய் விரித்து, கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தாள். வாசலிலிருந்து அது தெரிந்தது. அம்மா இறங்கிவிட்டாள். அப்பா இறங்கவில்லை.

"வாங்க மாப்ள" என்றாள் பெரியம்மா.

"ஷிஃப்டுக்கு நேரமாயிடுச்சி அண்ணி. தட்ட இப்டியே குடுத்துடுங்க."

ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டினார். பெரியம்மா உள்ளே விரித்திருந்த பாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். ஜன்னல் விளிம்பில் வைத்ததும் வண்டி நடுங்கின நடுக்கத்தில் தட்டு கடகடத்தது. தேங்காய் உருண்டு தெருவில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அம்மா மறுபடி காரில் ஏறினாள். வீடு வரும்வரை தட்டு அவள் மடியில்தான் இருந்தது. தட்டிலிருந்த கிண்ணத்துக் குங்குமம் சிந்திச் சிந்தி அவள் புடவையெல்லாம் சிவப்பு. அன்று அப்பாவுக்கு ஷிஃப்டே கிடையாது.

அதற்கு அடுத்த வாரம் மாமா பஸ் ஏறிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"பெரிக்கா சொல்லிட்டாங்க. முடிச்சி சித்தப்பா பொண்ணு போடட்டும்னு."

அம்மா கையில் காபி டம்ளரோடு நின்றாள். "ஏன்டா?"

"நம்ம வாசல்ல எறங்காத காலு மணவறையில இன்னாத்துக்கு ஏறணும்னு கேக்கறாங்க. காரு வந்ததும் நம்ம தெரு மண்ணு அவருக்கு ஆவலன்னு தெருவே பேசிக்கினு கீது. நானு இன்னா பண்ணட்டும்?"

"நீ இன்னா நெனக்கிற?"

மாமா "பஸ் வந்துடும்" என்று காபியைத் தொடாமல் போய்விட்டார். அப்பா பின்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நானு சொல்லிடறேன்" என்றாள் அம்மா.

"பாப்பா தலமேல அடிச்சிகீற" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை மூடிக்கொண்டேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை, அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டிய சத்தத்துக்கும் மேலே சத்தமாகக் கழுவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவைக் கேட்கவில்லை. "ஊருக்குப் போறோம், வண்டிய எடுங்க" என்றாள், அவ்வளவுதான். துணியும் கேனும் இருக்கின்றனவா என்று அப்பா பின்பக்கம் திறந்து பார்த்தார். அம்மா அவற்றை எடுத்து வீட்டு வராந்தாவில் வைத்திருந்தாள். அப்பா ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து, வண்டியில் ஏறினார்.

திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்தது. நான் கழுகைத் தேடுகிற சாக்கில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். ஊர்த் தெருவில் டீக்கடை பெஞ்சைத் தாண்டும்போது அப்பா வேகத்தைக் கூட்டினார். காலனித் தெருவில் பெரியம்மா வீட்டு வாசலில் நிறுத்தி, வழக்கம்போல் என்ஜினை ஓடவிட்டார்.

அம்மா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

சத்தம் நின்றது. இத்தனை வாரமாக அந்தத் தெருவில் எங்களோடு வந்துகொண்டிருந்த சத்தம். எங்கேயோ ஒரு ஆடு கத்தியது கேட்டது. குழாயடியில் தண்ணீர் விழுவது கேட்டது.

"இன்னா பண்ண நீ?"

"வாயத் தொறக்கமாட்டன்னுதான் சத்தியம் பண்ணேன். கையப் பத்தி ஒண்ணும் சொல்லல. எறங்குங்க."

அப்பா இறங்கினார். வேறு என்ன செய்வார்.

பெரியம்மா வாசலுக்கு வந்து, "வாங்க" என்றாள். மாப்ள என்று சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அப்பா வயர் நாற்காலியின் நுனியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். காபி வந்தது. ஒருவரும் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. மழை இல்லை, வெயில் அதிகம் என்று பேசினார்கள். காபி டம்ளரை வைத்ததும் அப்பா எழுந்தார்.

"கெளம்பறோம் அண்ணி. ஷிஃப்டு கீது."

வெளியே போய்ச் சாவியைத் திருப்பினார். முனகல். மறுபடி முனகல். தெருப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்கள் பின்னால் பெரியவர்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளலாமா?" என்றார்.

"தள்ளனாலும் புடிக்காது" என்றார் அப்பா.

ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பெரியம்மா கார் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். அன்று தட்டோடு நின்ற அதே இடம்.

"அண்ணி, இந்த வண்டி சூடானா ஸ்டார்ட் ஆவாது. வாங்கன நாள்லேர்ந்தே அப்டிதான்."

"அதுக்கா எறங்காம இருந்த?"

"ஆமா."

"மொத நாளு பெட்ரோல் தீந்துபோச்சின்னியே?"

"தீரல. டீக்கடையாண்ட நின்னுபோச்சி. இவளும் கொழந்தயும் தள்னாங்க. காரு வாங்கனியே, தள்றதுக்கு ஆளு வாங்கலியான்னு கேட்டு சிரிச்சானுங்க."

பெரியம்மா அம்மா பக்கம் திரும்பினாள்.

"பட்டுப் பொடவயோடயா தள்ன?"

அம்மா தலையை ஆட்டினாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த பெஞ்சை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். பெரியம்மா கார்க் கதவைத் தானே திறந்தாள்.

"அவன் சிரிச்சதுக்கு எங்கள ஏன் தெருவுல நிக்க வச்ச?"

அப்பா இறங்கி நின்று, "தப்புதான் அண்ணி" என்றார். பெரியம்மா கார்க் கதவைச் சாத்தினாள்.

"உள்ள வா மாப்ள. வண்டி ஆறட்டும். சோறு ஆறிடப்போவுது."

நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. அப்பா அந்த வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாயிற்றோ, மறுசோறு வாங்கினார். சாப்பிட்டதும் அதே பாயில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள்; முதலில் சண்டை மாதிரிக் கேட்டது, பிறகு அழுகை மாதிரி, பிறகு புடவைக் கலர்.

வெயில் தாழ்ந்து, அப்பா எழுந்து போய், தயங்கித் தயங்கிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது. தெருவே ஓவென்றது. அப்பா மட்டும் இறங்கிவந்து பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"யாருனா துணி போட்டீங்களா?"

"இன்னா துணி?" என்றார் மாமா.

அப்பா என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வேளைச் சோறு சாப்பிட ஆகிற நேரத்தில் தானாக ஆறிக் கிளம்புகிற வண்டி அது. முதல் வாரமே இறங்கி உள்ளே போயிருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது.

பெரியம்மா மாமாவையும் தெருப் பையன்கள் இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றினாள். "மெயின் ரோடு வரைக்கும் கூடப் போங்கடா. நின்னுச்சின்னா தள்றதுக்கு ஆளு கீதுன்னு தெரியட்டும்" என்றாள். என்னை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். டீக்கடையைத் தாண்டும்போது மாமா முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சிலிருந்தவர்களும் பார்த்தார்கள். அப்பா வேகத்தைக் கூட்டவில்லை.

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. நாத்தனார் முடிச்சு அம்மாதான் போட்டாள். கூட்டத்துக்குப் பின்னால், வழக்கப்படி தள்ளி, பெரியம்மா நின்றாள். அம்மா முடிச்சுப் போடுவதற்கு முன் தலையைத் தூக்கி அவளைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். அந்த வழக்கத்தை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்குத்தான் ஆத்திரமாக வருகிறது.

துணி போடாமல் கிளம்பியது அப்பாவை விடவில்லை. பம்பு இல்லையென்றால் வேறு என்ன? வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து, பிளக்குக்குப் போகிற ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, அம்மாவைச் சாவி திருப்பச் சொன்னார். ஆறியிருக்கும்போது நீலமாக, பளிச்சென்று வந்த பொறி, சூட்டில் மங்கி ஆரஞ்சு நிறத்தில் வந்தது. பொறியைக் கொடுக்கிற இக்னிஷன் காயில்தான் கெட்டுப்போயிருந்தது, டப்பா மாதிரி உருண்டையாக ஒரு சாமான். பெட்ரோலுக்கும் பம்புக்கும் சம்பந்தமே இல்லை. புதுக் காயில் மாட்டினதும் எந்தச் சூட்டிலும் கார் கிளம்பியது. அப்பா அதைக் காட்டுவதற்காகவே எதிர்வீட்டு சாரைக் கூப்பிட்டு, அணைத்து அணைத்துக் கிளப்பினார்.

கார் சரியானது. எங்கள் பயணங்கள் மறுபடி சின்னதாயின. இப்போது பயத்தால் இல்லை, உண்மையிலேயே ஷிஃப்டு இருந்தது, எனக்கு ஸ்கூல் இருந்தது. போவோம், இறங்குவோம், காபி குடிப்போம், கிளம்புவோம்.

அந்தத் தை மாதம் பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனோம். கயிற்றுக் கட்டிலில் அவள் அவ்வளவு சின்னதாக இருந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெளம்பலாமா? நெசமாவே ஷிஃப்டு கீது."

அம்மா எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். குழாயடியில் முந்தானையை நனைத்துப் பிழிந்தாள் என்று நினைத்தேன். பார்த்தால் அது அந்தப் பழைய பச்சைத் துண்டு. வீட்டிலிருந்து எடுத்துவந்து இடுப்பில் செருகி வைத்திருந்திருக்கிறாள். காரின் பானெட்டைத் தூக்கி, ஒன்றும் கேடில்லாத அந்தப் பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணியை விரித்துப் போட்டாள். உள்ளே வந்து, அப்பா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வண்டி சூடா கீது. கொஞ்சம் ஆறட்டும்."

காயிலைக் கண்டுபிடித்தவர் அப்பா. தன் கையால் மாட்டியவர் அவர். வாசல் வழியாகத் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார்.

"ஆமா, இன்னும் சூடுதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பாயை இழுத்துப் போட்டுக் கீழே உட்கார்ந்தார்.